போர்டுக்குப் போட்ட ஷூ

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இடுப்பும் வலது முட்டியும் போனது அங்கேதான். பென்ஷனோடு சேர்த்துத் தர ஊனத்துக்குப் பட்டாளத்தில் போட்ட சதவீதத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஜீவனஹள்ளி வீட்டு மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற மனுஷனுக்கு இவ்வளவுதானா? அப்பீல் போட்டு, நாயாக அலைந்து, ஒருவழியாக ராணுவ ஆஸ்பத்திரியில், சதவீதம் போடுகிற மெடிக்கல் போர்டுக்கு மறுபடி கூப்பிட்டார்கள்.

அன்று காலையில் அவர் செய்துகொண்ட அலங்காரத்தைப் பார்க்கணுமே! மழமழவென்று ஷேவிங், கஞ்சி போட்ட சட்டை, முகம் தெரிகிற அளவுக்கு ஷூவுக்குப் பாலிஷ். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

"வலிக்கிறதை வலிக்குதுன்னு சொல்லுய்யா. அங்க போய் வீறாப்பு காட்டாதே" என்று ஆட்டோவில் படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரிடி, பேஜார் பண்ணாதே" என்றார்.

கெஞ்சிக் கேட்டு நானும் உள்ளே போனேன். சீருடையில் ஒரு டாக்டர், எங்கள் மகன் வயதுதான் இருக்கும். அவர் தோள்பட்டையில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்ததும், இவர் கைத்தடியை என்னிடம் தள்ளிவிட்டு விறைப்பாக நின்றார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"ஃபைன், சார்!"

அடப் பாவி மனுஷா! "பொய் சொல்றாரு சார், வீட்ல சாக்ஸ்கூட நான்தான் மாட்டிவிடறேன்" என்று கத்தினேன். டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு, முடிந்தால் குந்தி எழும்படி இவரிடம் சொன்னார்.

குந்தினார். எழுந்தும்விட்டார். காதோரம் வியர்வை வழிந்தது, பல்லைக் கடித்திருந்தார், ஒரு முனகல் வரவில்லை. டாக்டர் பார்த்ததை எழுதிக்கொண்டார். பிற்பாடு வந்த முடிவில் சதவீதம் ஏறவே இல்லை.

வெளியே வந்ததும் தூணைப் பிடித்தபடி சரிந்தார். "ஆபீசர் முன்னாடி முடியலைன்னு எப்படிடி சொல்றது? வாயே வரல" என்றார்.

வீட்டில் ஷூவைக் கழற்றப் போனால், கால் வீங்கி அது வரவில்லை. நாடாவை அறுத்து இழுத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"வலிக்குதுடி. ரொம்ப வலிக்குதுடி."

"என்கிட்ட சொல்லி இன்னாய்யா பண்றது? நான் இன்னா போர்டா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.