இரண்டு வீடுகளின் மாம்பழம்

அப்பா மாம்பழத்தை நறுக்கவிடமாட்டார். இரும்பு பட்டால் ருசி போய்விடும் என்பது அவர் கட்சி. பூதப்பாண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எங்கள் வீடு. பின்புறம் கிணற்றை ஒட்டி ஒரு செங்கவருக்கை மாமரம் நின்றது. சித்திரை மாதக் காலைகளில் கீழே விழுந்து கிடக்கும் பழங்களை நானும் அவருமாகப் பொறுக்கிவந்து, கிணற்றடிக் கல்தொட்டியில் தண்ணீருக்குள் போட்டுவைப்போம். வெயில் ஏறி, வீட்டுக்குள் புழுங்கத் தொடங்கும்போது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியருகே குந்துவார். ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கத்தை மூக்கில் வைத்துப் பார்ப்பார். சரியென்று பட்டால் சுணையைக் கழுவிவிட்டு, பல்லால் தோலை ஒரு கீற்று உரித்து என்னிடம் நீட்டுவார்.

"கடிச்சுத் தின்னு மக்கா. சாறு போனாப் போவட்டு."

மேலே தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சி இருக்கும். கொட்டையை நெருங்க நெருங்கப் பழத்துக்குள் முந்தின நாள் வெயில் இன்னும் மிச்சமிருப்பதுபோல் ஒரு வெதுவெதுப்பு. சாறு முழங்கை வழியாக இறங்கிப் பாவாடையில் சொட்டும். மஞ்சளும் சிவப்பும் கலந்த அந்தக் கறை எத்தனை வெளுப்புக்கும் போகாது. அம்மை திட்டுவாள். அப்பா கேட்காததுபோல் இன்னொரு பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்.

அந்த வீடும் மரமும் எங்களுடையவை அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் சாதியில் அந்தக் காலத்தில் மருமக்கள்வழி. ஒருவன் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். அவன் இருக்கும்வரை மனைவியும் மக்களும் அவன் வீட்டில் இருப்பார்கள். அவன் போய்விட்டால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். இது யாரும் யாருக்கும் செய்யும் கொடுமை என்று அன்று ஒருவரும் நினைக்கவில்லை. மழைக்கு முன்னால் கூரை வேய்வதுபோல, நடக்க வேண்டியது நடக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் போய்விட்டார். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் மரத்திலிருந்து பறித்த காய்களை உள்ளறையில், அந்த ஆண்டு அறுவடையின் புது வைக்கோலில், தம் கையாலேயே அடுக்கிவைத்திருந்தார். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று காய்கள் பழுக்கத் தொடங்கின. ஊதுவத்திப் புகையையும் அழுகையையும் தாண்டி அந்த வாசனை வந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நான் அம்மையின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். துக்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்கத்தால் என்பதை இத்தனை காலமாக யாரிடமும் சொன்னதில்லை.

பதினாறு கழிந்தது. அப்பாவின் தங்கையும் அவள் மகனும் வீட்டை ஏற்றுக்கொள்ள வந்தார்கள். அத்தை கெட்டவள் அல்ல. அம்மையைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள். வண்டியில் எங்கள் பெட்டியையும் பாத்திரங்களையும் ஏற்றியானதும், உள்ளறைக்குப் போய், வைக்கோலில் பிந்திப் பழுத்த மாம்பழங்களை ஓலைப்பெட்டி நிறைய எடுத்துவந்து வண்டியில் வைத்தாள்.

"பிள்ளைக்கு ஆசையாக்கும். கொண்டு போங்க மயினி." எங்கள் பக்கம் அண்ணன் மனைவியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் மயினி என்றே கூப்பிடுவார்கள்.

அம்மை பெட்டியை இரண்டு கையாலும் தூக்கித் திரும்ப அத்தையிடம் கொடுத்தாள். "வேண்டாம் மயினி. இங்க உள்ளது இங்கேயே இருக்கட்டு."

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் ஓவென்று அழத் தொடங்கினேன். அப்பாவுக்காக அல்ல, அந்தப் பெட்டிக்காக. அம்மைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். கோட்டாற்றுக் கடைத்தெருவைத் தாண்டும்வரை அப்படியே இருந்தோம்.

அம்மை பிறந்த வீடு சுசீந்திரத்துக்குத் தெற்கே. அங்கே அவளுடைய அண்ணன், அவர் மனைவி, அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். மகன் அப்போது தவழும் குழந்தை. மாமா எங்களை வாசலிலேயே வந்து கூட்டிப்போனார். "இது உன் வீடு. யாருக்கிட்டயும் கேட்டு நிக்காண்டாம்" என்று அம்மையிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற மாமி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

அந்த வீட்டிலும் ஒரு மாமரம். கற்பூர வருக்கை. தோலைக் கிள்ளினாலே கற்பூர வாசனை அடிக்கும். மாமி அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்குவாள். கன்னத் துண்டுகள் இரண்டும் முதலில் எனக்கு வரும். அவள் மகளுக்கு ஓரத் துண்டு. கொட்டையை மாமி தான் எடுத்துக்கொள்வாள். தகப்பனில்லாத பிள்ளை என்ற இரக்கத்தால் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தின்றேன். அந்தப் பழத்தின் இனிப்பு தொண்டையில் இறங்கியபிறகும் நாக்கில் நெடுநேரம் நிற்கும். மோரும் மாம்பழமும் சேர்த்து மாமி வைக்கிற புளிசேரிக்காக நான் இரண்டாம் தடவை சோறு கேட்பேன். அதையும் அவள் மறுத்ததில்லை.

இரண்டாம் ஆண்டு வைகாசியில் ஒருநாள், நானும் மாமா மகளும் மரத்தடியில் இருந்தோம். நன்றாகப் பழுத்த பழம் ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. அவள் எடுத்து, தாவணி முனையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ தின்னு. நேத்து நான்தானே தின்னேன்" என்றேன்.

"உனக்குள்ளதுதானே ஏட்டி. இது உங்க மரமாக்கும்."

"உங்க அப்பா மரம்லா?"

அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். "எங்க அப்பா இருக்கது வரைக்கும். பொறவு நாங்களும் வண்டியில போவணும். அம்மை சொல்லியிருக்கா."

பழம் என் கையில் இருந்தது. பசியும் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. முதல் தரமான துண்டுகள் ஏன் எனக்கு வந்தன என்று அந்த நொடியில் விளங்கியது. மாமி என்மேல் இரக்கப்பட்டுத் தரவில்லை. பயந்து தந்திருக்கிறாள். நாளை வீட்டுக்காரியாகப் போகிறவளின் மகளுக்கு, போகவேண்டியவள் கொடுத்த பங்கு அது.

அம்மையிடம் போய் அப்படியே சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. மறுநாள் மத்தியானம் மாமி அரிவாள்மணையை எடுத்தபோது அம்மை அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தா மயினி, நான் அரியுகேன்."

கன்னத் துண்டு ஒன்றை மாமிக்கும் ஒன்றை அவள் மகளுக்கும் வைத்தாள். எனக்குக் கொட்டை வந்தது. மாமி துண்டைத் தொடாமல் அம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தின்னு மயினி, ஈ மொய்க்கும்" என்றாள் அம்மை. அதன்பின் அந்த வீட்டில் மாம்பழம் நறுக்குவது அம்மையின் வேலையாயிற்று.

நான்கைந்து ஆண்டுகள் சென்றன. திருவனந்தபுரத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது, இனிப் பெற்ற பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். சட்டம் வந்ததே தவிர, எங்கள் வீட்டில் யாரும் பாகம் பிரிக்கவில்லை. மாமா அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாசி மாதம் வயலில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். வீட்டுக்குத் தூக்கிவரும்போதே உயிர் இல்லை.

பத்தாம் நாளே மாமி துணிமணிகளை மூட்டையாகக் கட்டிவிட்டாள். அடுத்த தெருவில் இருந்த சின்ன மாமா, அம்மையின் தம்பி, பதினாறு முடிந்த அன்று சாயங்காலம் வந்தார்.

"நாளைக்குக் காலம்பற வண்டி வரும். மயினியும் பிள்ளைகளும் ஒருங்கி இருக்கட்டு."

"எங்க போகதுக்கு?" என்றாள் அம்மை.

"அவ அண்ணன்மாரு வீட்டுக்கு. நீ வரல்லியா, அதுபோல."

"நான் வந்தேன். வந்த வழி எனக்குத் தெரியும். அதுனாலதான் சொல்லுகேன், அவ போவாண்டாம்."

"புதுச் சட்டத்தக் காட்டிப் பங்கு கேக்காளா?"

"அவ ஒண்ணும் கேக்கல்ல. கேக்கவும் தெரியாது. நான் கேக்கேன். இந்த வீடும் மரம் நிக்கிற புரையிடமும் எனக்கும் அவளுக்குமாட்டு இருக்கட்டு. ஆத்தங்கரை வயலு ஒண்ணு எங்க கஞ்சிக்கு. பாக்கி வயலு எல்லாம் நீயே எடுத்துக்கோ."

"உனக்குக் கிறுக்கா அக்கா?"

"இருக்கட்டு."

சின்ன மாமா எழுந்து போய்விட்டார். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் ஆதாரப் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்; அம்மை சொன்னபடியே எழுதியாயிற்று. ஊரில் ஆண்களும் சில பெண்களும் சிரித்தார்கள். நல்ல வயலை விட்டுவிட்டு மயினியைக் கட்டிக்கொண்டவள் என்று அம்மைக்குப் பேர் வந்தது.

அன்று சின்ன மாமா வாசலைத் தாண்டியதும் அம்மை நேரே உள்ளே போய் மாமியின் மூட்டையை அவிழ்த்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். மாமி சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தாள். எழுந்து வந்து காலில் விழப்போனவளை அம்மை அதட்டினாள். "போட்டீ. அடுப்பில என்ன இருக்குன்னு பாரு."

அந்த ஆண்டு மரம் என்றுமில்லாதபடி காய்த்தது. முதல் பழம் விழுந்தபோது மாமி அந்தப் பக்கமே வரவில்லை. அம்மை ஒரு கூடையை அவள் முன்னால் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பெண்களும் குனிந்து தின்றார்கள். மாமியின் மகன், சின்னவன், கன்னம், மார்பு, வயிறு எல்லாம் சாறாக நடுவில் இருந்தான். மாமி மெதுவாகத்தான் தொடங்கினாள். மூன்றாவது பழத்துக்குத் தானே கை நீட்டினாள். கொட்டையை வெள்ளையாகும்வரை சப்பி, தட்டில் வைத்துவிட்டு அழுதாள். பிறகு நாலாவதை எடுத்தாள். அத்தனை ருசியான பழத்தை நான் அதற்குமுன் தின்றதில்லை, பின்பும் இல்லை.

அவர்கள் எப்போதும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று எழுதினால் பொய். உப்புக்கும் விறகுக்கும் சண்டை போட்டார்கள். ஒரு தடவை இரண்டு வாரம் பேசாமல் இருந்தார்கள்; சின்னவன்தான் நடுவில் நின்று இவள் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவளிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். மாமா மகளுக்கும் எனக்கும் ஓராண்டு இடைவெளியில் கல்யாணம் நடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் அம்மை படுத்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. மாமி ஒரு பழத்தைப் பிசைந்து, துணியில் வடிகட்டி, துளித்துளியாக அவள் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"புளிக்குது மயினி" என்றாள் அம்மை.

மாமி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தேனாக இனித்தது.

"ஆமா, புளிக்கத்தான் செய்யுது. வேற அரியுகேன்" என்று மாமி எழுந்து போனாள். வேறு பழத்தோடு திரும்பி வந்தபோது அம்மை அதையும் இரண்டு துளி விழுங்கினாள்.

ஆனி பிறந்து ஐந்தாம் நாள் அம்மை இறந்தாள். அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க யார் என்று ஆண்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மாமியின் மகன் கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியோடு வந்து அவள் தலைமாட்டில் நின்றான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.