விக்கல் எடுத்த கம்ப்யூட்டர்கள்

அது 2004-ஆம் ஆண்டு. ஓணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குத் தெரு ஒன்றில் எங்கள் வீட்டின் முன் அறையில் நான் ஒரு சின்ன நெட் கஃபே நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் வேலை. எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு, யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க மாட்டேன் என்று வீம்பு பிடித்து, எட்டு கம்ப்யூட்டர்களோடு திறந்த கடை அது.

காலையில் மெயில் பார்க்க ஆட்கள் வருவார்கள். மாலையில் கல்லூரிப் பையன்கள் வந்து கார் ரேஸ் விளையாடுவார்கள். பேருக்குத்தான் நெட் கஃபே. கடை ஓடியது இந்தப் பையன்களால்தான்.

கொஞ்ச நாளாக அந்த விளையாட்டுக்கு விக்கல் பிடித்திருந்தது. கார் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று படம் ஒரு நொடி உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது கார் சுவரில் முட்டிக் கிடக்கும். அதிலும் ஒரு சுரங்கப்பாதை வரும் பாருங்கள், அதன் வாசலில் விக்காத நாளே கிடையாது. "சேச்சி, பின்னயும் நின்னு போயி!" என்று, மறுபடி நின்றுவிட்டதாக ஒருவன் கத்துவான். அடுத்தவன் மவுஸை மேஜையில் தட்டுவான். ஏதோ நானே குறுக்கே போய் காரை நிறுத்தியதுபோல எல்லோரும் என்னை முறைப்பார்கள்.

மெல்ல மெல்லப் பையன்கள் படகு ஏறி எர்ணாகுளத்துக்குப் போய் விளையாட ஆரம்பித்தார்கள். அங்கே ஏசி போட்ட ஒரு கேம் சென்டர் திறந்திருந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தீர்ப்பு சொன்னார்: "ஓணம் வரைக்கும் நடத்து. அதுக்கப்புறம் ரூமை சுக்கு வியாபாரிக்கு விட்டுடலாம். உனக்கும் வரன் பாக்கணுமில்லே." கடை போனால் கூடவே என் பேச்சும் எடுபடாமல் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எர்ணாகுளம் சென்டரின் முதலாளிச் சேட்டன் ஒரு நாள் கடைக்குள் எட்டிப் பார்த்தார். இருக்கிற பையன்களையும் அழைத்துப் போகத்தான் வந்திருந்தார். என் கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுச் சிரித்தார். மலையாளமும் தமிழும் கலந்து, "மோளே, இதுல ரேஸ் ஓட்டறதுக்கு காளவண்டில போலாம்" என்றார். எனக்குக் காது சூடேறியது. ஆனால் என்னைவிட அதிகமாக ரோஷப்பட்டது எங்கள் தெருப் பையன் ஒருவன். "எங்க அக்கா கடையில வெச்சே மோதலாம். ரெண்டு பேருக்கு ரெண்டு பேரு. தோத்தா நாங்க எல்லாரும் உங்க சென்டருக்கு வர்றோம்" என்று சவால் விட்டுவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவான்? சேட்டன் அங்கேயே கை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி.

விக்கலுக்கு எல்லோரும் சொன்ன ஒரே மருந்து புது கிராபிக்ஸ் கார்டு. கூடப் படித்த ஒருத்தியிடம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மரங்களும் வானமும் முன்பைவிட அழகாகத் தெரிந்தன. சுரங்கப்பாதை வாசலில் கார் முன்பைவிட அழகாக நின்றது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கார்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் ஒரு வேலை செய்தேன். தெருப் பையனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். விக்கல் வரும்போதெல்லாம் சி.டி. டிரைவ் உர்ரென்று சுற்றியது. அதன் விளக்கு அணையாமல் எரிந்தது. பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கின் விளக்கும் திணறித் திணறி மின்னியது. எனக்குப் பொறி தட்டியது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லாததால் விளையாட்டைப் பாதிதான் ஏற்றியிருந்தேன். மீதி, பாதையும் கட்டடங்களும் எல்லாம், ஓட ஓட சி.டி.யிலிருந்துதான் வரவேண்டும். டிஸ்க், சி.டி. இரண்டும் தொங்கியதோ ஒரே கேபிளில். சி.டி. திணறினால் டிஸ்க்கும் காத்து நிற்கும். இரண்டுக்காகவும் கார் காத்து நிற்கும்.

சரி, சி.டி. ஏன் இப்படித் திணற வேண்டும்? டிரைவைப் பிரித்தேன். லென்ஸ் மேல் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு படலம். அடுத்த கம்ப்யூட்டரிலும் அதேதான். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். சாட்சாத் சாம்பிராணி!

எங்கள் அம்மா செவ்வாயும் வெள்ளியும் கடையில் சாம்பிராணி போடுவார். சும்மா காட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. ஜன்னலைச் சாத்தி, கதவையும் இழுத்து மூடி, புகை மூலை முடுக்கெல்லாம் ஏறும்வரை விடமாட்டார். வியாபாரம் படுக்கப் படுக்க, கண்ணேறுதான் காரணம் என்று கங்கில் தூள் கூடிக்கொண்டே போனது. கம்ப்யூட்டரின் ஃபேன்கள் அத்தனை புகையையும் பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சாமிக்குப் போட்ட புகை கம்ப்யூட்டரக் கெடுக்குமோ? நல்ல கதையாயிட்டு இருக்கே!" லென்ஸைத் துடைத்த வெள்ளைத் துணியை நீட்டினேன். வாங்கி முகர்ந்தார். பிறகு, "சரி, இனிமே வாசப்படிக்கு வெளியில போடறேன். தெய்வம் அங்கயும் வரும்" என்று சொல்லிவிட்டு, அந்தத் துணியைத் துவைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேபிள் குட்டு வெளிப்பட்டதும் மற்றதெல்லாம் தெம்பாக நடந்தது. முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்தேன். பையன்கள் இறக்கி வைத்த பாட்டும் படமும் குப்பையாகக் குவிந்து கிடந்தன. அழிக்க அழிக்க, "சேச்சி, அது மட்டும் வேண்டா, ப்ளீஸ்!" என்று காலில் விழாத குறை. ரேஸ் வேணுமா, பாட்டு வேணுமா என்றேன். அவர்களே உட்கார்ந்து மீதியை அழிக்க ஆரம்பித்தார்கள். சிதறிக் கிடந்த மிச்சத்தை டிஸ்க்கில் ஒழுங்காக அடுக்க வைத்தேன். விளையாட்டை முழுசாக அதிலேயே ஏற்றினேன். சி.டி.யைத் தனிக் கேபிளுக்குத் தள்ளிவிட்டேன்.

அப்புறம் மெமரி. புதிதாக வாங்க வழியில்லை. போட்டிக்கு வேண்டியது நாலு கம்ப்யூட்டர்தானே என்று மற்ற நாலின் மெமரியையும் கழற்றி இவற்றில் சேர்த்தேன். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. சில மெமரி வேகமானவை, சில மந்தமானவை. இரண்டையும் ஒரே பெட்டியில் ஜோடி சேர்த்தால் வேகமானதும் மந்தத்தின் நடைக்கு இறங்கிவிடும். ஆகவே ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்து, வேகத்துக்கு வேகமாக ஜோடி சேர்த்தேன். மெமரியின் அடியில் பல்வரிசைபோல இருக்கும் உலோகப் பட்டைகளில் ஏறியிருந்த கறுப்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.

முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது தெருப் பையன் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோலக் கீபோர்டை இறுக்கிப் பிடித்திருந்தான். சுரங்கப்பாதை வந்தது. கார் உள்ளே போனது. வெளியே வந்தது. அவ்வளவுதான்! அவன் ஓட்டுவதையே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நிக்கல!" நான் கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளம் படை படகில் வந்து இறங்கியது. சேட்டன், ஓட்டுகிற இரண்டு பேர், கூட ஒரு பெரிய கூட்டம். எங்கள் தரப்பில் தெருப் பையனும், பக்கத்துத் தெருவின் கொங்கணிப் பையனும். மூன்று ரவுண்டுகள், ஒவ்வொன்றும் வேறு பாதை; சுரங்கப்பாதை வருவது மூன்றாவதில்தான். முதல் ரவுண்டை அவர்கள் ஜெயித்தார்கள். இரண்டாவதை மயிரிழையில் நாங்கள் பிடித்தோம். வாசலில் அப்பா வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாவது ரவுண்டில் அவர்கள் கார் முன்னால், எங்களுடையது ஒட்டினாற்போலப் பின்னால். சுரங்கப்பாதை நெருங்கியது. முன்னால் போனவன் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். யாரும் குறுக்கே வரவில்லை, வளைவும் இல்லை. எங்கள் பையன் விட்ட அம்பாக அவனைத் தாண்டிப் போய்விட்டான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அவன் தயங்க, எங்கள் இரண்டாவது காரும் தாண்டியது. முதல் இரண்டு இடமும் எங்களுக்கு. மூட்டைக்காரர்கள் வரைக்கும் விசிலடித்தார்கள்.

"அவிடெ எந்தினாடா ஸ்லோ ஆக்கியது?" என்று சேட்டன் கத்தினார், அங்கே ஏன் வேகத்தைக் குறைத்தாய் என்று. அந்தப் பையன் தலையைச் சொறிந்தான். "சேட்டா, நம்மட சென்டர்ல அவிடெ எப்பழும் ஸ்டக் ஆகுமல்லோ." ஏசி அறையில், விலை உயர்ந்த கார்டு போட்ட கம்ப்யூட்டர்களிலும் அந்தச் சுரங்கப்பாதை விக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! முட்டாமல் இருக்க அங்கே வேகம் குறைத்துக் குறைத்து அவன் விரலுக்கு அது பழக்கமாகியிருக்கிறது. எங்கள் பையன்களோ அந்த வாரம் முழுவதும் அங்கே அழுத்திப் பிடித்து ஓட்டியே பழகியிருந்தார்கள்.

சேட்டன் நல்ல மனிதர்தான். கூட்டம் கலைந்த பிறகு தயங்கித் தயங்கி அருகில் வந்து, "எந்த கார்டு, மோளே?" என்று கேட்டார். பழையதுதான் என்றேன். நம்பவில்லை. பெட்டியைத் திறந்தே காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் சென்டருக்கு ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "சுக்கு வியாபாரிகிட்ட வேற ரூம் பாத்துக்கச் சொல்லிட்டு வர்றேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷத்தின் பெருமையை இன்றுவரை வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை.

இத்தனை வருடங்களில் வீட்டிலும் தொழிலிலும் எத்தனையோ முறை எல்லாம் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது. அப்போதெல்லாம் புதிதாக எதைக் கொண்டுவந்து மாட்டலாம் என்று நான் ஓடுவதில்லை, இங்கே எது எதற்காகக் காத்து நிற்கிறது என்று உட்கார்ந்து பார்க்கிறேன்.