அண்ணாவுக்காக எழுதிய நாடகம்

என் அண்ணாவைத் திருத்த நான் ஒரு நாடகம் எழுதினேன். நேரில் கேட்கத் துப்பில்லாதவன் செய்கிற வேலைதான்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி அண்ணா அவளைத் திருவான்மியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. புடவைகளையெல்லாம் பெட்டிக்குள்ளேயேதான் வைத்திருக்கிறாள். அலமாரியில் எடுத்து அடுக்கவே இல்லை. ஆத்துக்கு எப்போ அழைச்சுண்டு போவே என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். கே.கே. நகரில் அண்ணாவுக்கு மூன்று படுக்கையறை வீடு. மூன்றாவது அறையில் ஒரு டிரெட்மில் நிற்கிறது, அதன்மேல் துணி காய்கிறது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை பார்க்கிற அமெச்சூர் குழு. மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடியில் நாலு மாதம் பழகினோம். கதையில் ஒருவன் நாடகம் பார்க்க வருகிறான். அவன் பார்க்கிற நாடகத்தில் ஒரு மகன், தாயை இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சுருக்கென்கிறது. அவனும் அப்படி விட்டுவிட்டு வந்தவன்தான். பாதியில் எழுந்து போய்த் தன் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வருகிறான். அண்ணாவைப் போலவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் அவனுக்குக் கொடுத்தேன். அவன் உட்காரும் நாற்காலியை மேடை ஓரத்தில் சாய்த்துப் போட்டேன், மூன்றாவது வரிசையிலிருந்து அவன் முகம் தெரிய வேண்டும் என்று. மயிலாப்பூர் சபாவில் அந்த வரிசையில்தான் அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்திருந்தேன்.

நாடகத்தன்று நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். மேடையைப் பார்க்கவே இல்லை. அண்ணாவைத்தான் பார்த்தேன். கடைசிக் காட்சியில் அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கே அழுகை வந்தது.

முடிந்ததும் கேன்டீன் கீரை வடையோடு உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"அழ வெச்சுட்டேடா. அந்தப் புள்ளை அப்படியே எங்க மேனேஜர். அவர் பார்க்கணும் இதை."

அவன் விளையாடவில்லை, நிஜமாகவே சொன்னான். காலையில் ஃப்ளைட் இருப்பதால் அம்மாவை என்னையே கொண்டு விடச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நன்னா எழுதியிருக்கே. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்த அம்மாவுக்கு ஒரே புள்ளையா?"

நாலு மாத ஒத்திகையில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் வீடு சின்னதுதான். ஆனாலும் ஹாலில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் போடலாம். அங்கேதான் நாடகத்துக்கான மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

"ஆமாம்மா, ஒரே புள்ளைதான்" என்றேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு, அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இல்லத்தில் அவளை விட்டுவிட்டு, வாசல் பதிவேட்டில் மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு தி. நகரில் இரண்டு முறை போட்டுவிட்டோம். நல்ல கூட்டம். கதையில் நான் எதையும் மாற்றவில்லை. நாடகம் முடிந்ததும் நாற்காலிகளைக் கொண்டுவந்து, ஜன்னலோரத்தில் பழையபடி அடுக்கி வைக்கிறேன்.