கோவாக்காரியின் ஜெர்மன்

காலேஜ் திறந்துதான் இருந்தது. வகுப்பறை இருந்தது, பெஞ்சு இருந்தது, மின்விசிறிகூடச் சுற்றியது. ஆனால் ஜெர்மன் மட்டும் ஆன்லைனில்தான். மாட்டுங்காவில் இருக்கிற காலேஜுக்கு, அதே மாட்டுங்காவில் குடியிருக்கும் ஒரு அம்மாள் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜெர்மன் சொல்லித்தருவாளாம். நாங்கள் காலை வகுப்புகளை முடித்து, பஸ்ஸிலும் ரயிலிலும் அடித்துப்பிடித்து வீடு போய்ச் சேர்ந்து, போனைத் திறந்து மறுபடியும் மாட்டுங்காவைப் பார்க்க வேண்டும். காலேஜ் வாசலிலிருந்து நடந்தே அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். காலேஜ் இதற்கு உலகளாவிய கல்வி என்று பெயர் வைத்திருந்தது. எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ.

எனக்கு ஜெர்மன்மேல் காதல் ஒன்றும் கிடையாது. விக்ரோலியில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் அலுவலகம் எங்கள் காலேஜிலிருந்து ஆள் எடுப்பதாக இருந்தது. அடிப்படை ஜெர்மன் தேறியவர்களில் யார் யாரை அனுப்பலாம் என்று அந்த அம்மாள்தான் பெயர் கொடுப்பாள். அவள் கொடுத்தால் விக்ரோலி. கொடுக்காவிட்டால் மாமா கடை.

மாமா கடை என்பது தாராவி மெயின் ரோட்டில் இருக்கும் தோல்பைக் கடை. ஏசி உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, எல்லாம் உண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கடைசி வருஷத்துக்கு வந்ததிலிருந்து மாமா வாரம் தவறாமல் வந்து, "படிச்ச பிள்ள கடைல இருந்தா வெளிநாட்டுக் கிராக்கிட்ட நாலு வார்த்த இங்கிலீஷ்ல பேசும்லா" என்று சொல்லிவிட்டுப் போவார். சம்பளம் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு என்பது அவருடைய கணக்கு. அவர் போன பிறகு அம்மா ஸிப் தைக்கிற மெஷினை முன்னைவிட வேகமாக மிதிப்பாள், அதிலிருந்து அவள் மனசைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த மெஷினும் வகுப்பில் ஒரு மாணவி மாதிரிதான். எங்கள் வீடு ஒரு அறை, அதற்கு மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு மாளா. அம்மா கீழே மாமா கடைப் பைகளுக்கு ஸிப் தைப்பாள், நான் மாளாவில் தலை இடிக்காமல் உட்கார்ந்து 'குட்டன் டாக்' சொல்வேன். நான் மைக்கைத் திறந்தால் முதலில் பேசுவது மெஷின்தான். "சத்தம் வருகிறது, மியூட் பண்ணுங்கள்" என்று இங்கிலீஷில் சொல்வாள் அந்த அம்மாள். மியூட் பண்ணிக்கொண்டு ஒரு பாஷையை எப்படிப் பேசக் கற்றுக்கொள்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அவளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பனிமலை இருக்கும். கம்ப்யூட்டர் போட்டுக்கொடுக்கிற பொய் மலை. அவள் தலையை ஆட்டினால் ஒரு காது பனியில் காணாமல் போய்விடும். பென்சிலைத் தூக்கிக் காட்டினால் பாதிப் பென்சில்தான் தெரியும். ஜெர்மனிக்கு இரண்டு வாரம் போய்வந்தவளாம். அந்த இரண்டு வாரத்தை வைத்துக்கொண்டு எங்களை ஒரு வருஷம் ஓட்டினாள். அங்கே ரயில் எப்படி நேரத்துக்கு வரும் என்று தினமும் கேட்டோம். லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்களிடம் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

முதல் பாடம் பெயர். முன்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று, இரண்டையும் சொல்ல வேண்டும். கூட இருந்த மராத்திப் பிள்ளைகளும் குஜராத்திப் பிள்ளைகளும் கடகடவென்று சொன்னார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதனால் அன்று முதல் நான் 'ஃப்ராவ்' போட்டு அப்பா பெயர் ஆனேன். ஃப்ராவ் என்றால் திருமதி. அவள் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் கீழே அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். "உங்க அப்பன சேல கட்ட வச்சிட்டாளே அந்த டீச்சரு" என்பாள். அப்பா வீட்டில் இருந்தால் "என்ன, என்னயவா கூப்புடுதா" என்று ஏணிப் பக்கம் எட்டிப்பார்ப்பார்.

இதில்தான் அவள் ஒரு தப்புக் கணக்குப் போட்டாள். எங்கள் வீட்டில் அப்பா பெயரும் பைபிளிலிருந்து எடுத்தது, என் பெயரும் பைபிளிலிருந்து எடுத்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதும், "ஓ, கோவாவா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்தவன் பெயருக்குப் போய்விட்டாள். சரி, கோவா என்றால் கோவா. பம்பாயில் கிறிஸ்தவப் பெயர் என்றால் ஒன்று கோவா, இல்லையென்றால் மங்களூர். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆட்கள் ஊர் ஊராக வேதக்கோயில் கட்டி வைத்திருப்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அவள் தமிழ் என்பது எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. பாடம் நடக்கும்போது எங்கோ குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பி, "அடுப்ப அணைச்சுடுங்கோ, மூணு சத்தம் ஆச்சு" என்றாள். நானும் தமிழ்தான் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தமிழ் வார்த்தை காதில் விழுந்ததும் 'நீங்க தமிழா' என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். தமிழ் என்றால் என்ன, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டுமா? தாராவியில் தினமும் குழாயடியில் தமிழில்தான் சண்டை நடக்கிறது.

பிறகு 'ஸீ', 'டூ' பாடம் வந்தது. மரியாதைக்கு உரியவர்களை ஸீ என்று சொல்ல வேண்டும், வீட்டு ஆட்களையும் சிநேகிதர்களையும் டூ என்று சொல்ல வேண்டும். எல்லாரையும் 'தூ' என்றே கூப்பிட்டுப் பழகிய பம்பாய்ப் பிள்ளைகளுக்கு இது தலையில் ஏறவில்லை. அவள் இந்தியில் ஆப் என்றாள், தும் என்றாள், ஏதேதோ சொல்லித் திண்டாடினாள். நீங்க, நீ என்று அவள் வாயிலேயே வைத்திருந்த இரண்டு வார்த்தைகளையும் வெளியே எடுக்கவே இல்லை. வீட்டில் சமையலறைக்கு மட்டும் வைத்திருக்கிற தமிழ் போலிருக்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு கூத்து. ஜெர்மனில் மேஜை பெண்பாலாம், கரண்டி ஆண்பாலாம் என்று தப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தைப் பார்த்து மேஜையும் ஆண்பால்தான் என்று திருத்தினாள். அதோடு சிறுமி என்கிற சொல் மட்டும் அஃறிணை என்றாள். தாஸ் மேட்ஷென். சிறுமியை 'அவள்' என்று சொல்லக்கூடாது, 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பே சிரித்தது. "இது இலக்கணம், சிரிக்க ஒன்றுமில்லை" என்றாள்.

'எங்கே வசிக்கிறீர்கள்' என்ற பாடத்தில் ஆளாளுக்குச் செம்பூர் என்றார்கள், குர்லா என்றார்கள். என் முறை வந்ததும் "இஷ் வோனே இன் சயான்" என்றேன். பொய் இல்லை, சயான் பக்கத்தில்தான் இருக்கிறது. தாராவியில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் வெளியே கேட்டால் சயான் என்பார்கள், மீதிப் பேர் மாஹிம் என்பார்கள். இந்த ஊரில் தாராவியில் யாருமே குடியிருப்பதில்லை.

அவளை எவ்வளவுதான் ஏளனம் பண்ணினாலும் நான் படித்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விக்ரோலி எனக்கு வேண்டும், மாமா கடை எனக்கு வேண்டாம். வாய்மொழித் தேர்வில் மணி சொல்லச் சொல்வார்கள், குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள், கடைசியில் கடையில் தக்காளி வாங்குவது போல ஒரு உரையாடல் நடத்தச் சொல்வார்கள். தக்காளிக்குத்தான் மதிப்பெண் அதிகம். அதற்கு எனக்கு ஒரு கடைக்காரர் தேவைப்பட்டார். அம்மாவை உட்கார வைத்தேன்.

"இஷ் மோஷ்டே டொமாட்டன், பிட்டே" என்பேன்.

"எத்தன கிலோ?" என்பாள் அம்மா.

"நீ ஜெர்மன்ல கேக்கணும்மா."

"தக்காளி வாங்க வந்தவ நீதான. நீ ஜெர்மன் பேசு. நான் என் கடைல என் பாஷதான் பேசுவேன்."

அப்படியே இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் அவளும் இறங்கிவந்தாள். சாப்பாடு போடும்போது "பிட்டே" என்று தட்டை நீட்ட ஆரம்பித்தாள். மெஷினுக்கு எண்ணெய் விடும்போதுகூட "டொமாட்டன், டொமாட்டன்" என்று முணுமுணுப்பாள். தெருவில் தக்காளிக்காரனிடமும் ஒருநாள் அப்படிக் கேட்டு வைத்தாளாம், அவன் "க்யா மௌஸி?" என்று முழித்தானாம்.

தேர்வு அன்று அம்மா மெஷினின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள். அவசரப் பைகள் குவிந்து கிடந்தன, மாமா இரண்டு தடவை போன் பண்ணியிருந்தார். "இன்னைக்கு ஒரு சத்தம் வராது, நீ பேசு" என்று சொல்லிவிட்டு ஏணியின் அடியில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொருவராகத் தேர்வு. நான் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டேன். என் மைக் மூடியிருந்தது. அவள் மைக் திறந்திருந்தது. பனிமலை இருந்தது, அவள் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இன்னொரு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், பேச்சைக் கேட்டால் தங்கை மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பேர் இருக்காடி. அடுத்தது அந்தக் கோவாக்காரி. பின்னாடி எப்பப் பாத்தாலும் டகடகன்னு ஏதோ மெஷின் சத்தம், என்ன வீடோ என்னமோ. அது எங்க பாஸ் பண்ணப்போறது. பண்ணினாலும் விக்ரோலிக்கெல்லாம் அத அனுப்ப முடியுமோ? என் பேருன்னா கெட்டுப்போகும்."

என் போனில் சத்தம் கூட்டித்தான் வைத்திருந்தேன். அம்மாவும் கேட்டாள். நான் ஏணி வழியாகக் கீழே பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, துணி மூடிய மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைச் சொன்னதற்குக்கூட இல்லை. ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு மெஷினுக்குப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறவள் அதைக் கேட்டாளே என்றுதான்.

"நீ பேசுட்டி," என்றாள் அம்மா, மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மைக்கைத் திறந்து குட்டன் டாக் என்றேன். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பி, சிரித்து, ஃப்ராவ் போட்டு அப்பா பெயரைச் சொன்னாள். ஜெர்மனில் நான் அவளுக்கு ஸீ. என்ன மரியாதை.

"வோ வோனென் ஸீ?" எங்கே வசிக்கிறீர்கள்.

"இஷ் வோனே இன் தாராவி."

அவள் புருவம் கொஞ்சம் ஏறியது. அடுத்த கேள்வி புத்தகத்தில் இருக்கிற வரிசைப்படி வந்தது. அவளே தேர்ந்தெடுத்துக் கேட்டதில்லை, பாவம். "வெல்ஷே ஷ்ப்ராகென் ஷ்ப்ரெஷென் ஸீ?" என்னென்ன மொழிகள் பேசுவீர்கள்.

இந்தி சொன்னேன், மராத்தி சொன்னேன், இங்கிலீஷ் சொன்னேன், கொஞ்சம் ஜெர்மன் என்றேன். பிறகு நிதானமாக, "மைனே முட்டர்ஷ்ப்ராகே இஸ்ட் தமிழ்" என்றேன். முட்டர் என்றால் தாய், ஷ்ப்ராகே என்றால் மொழி. அவர்களும் நம்மைப்போல இரண்டையும் ஒட்டித்தான் சொல்கிறார்கள்.

அவள் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு கை மெதுவாக மவுஸ் பக்கம் போனது, அவள் மைக் திறந்திருந்ததா என்று தேடுகிறாள் என்று புரிந்தது. ஒரு காது பனிமலைக்குள் போய்த் திரும்பி வந்தது.

"நீங்க தமிழா?" என்றாள், தமிழில்.

"ஆமா மேடம்."

"ஏன் இத்தன நாள் சொல்லவே இல்ல?"

"இப்பத்தான மேடம் கேட்டீங்க."

அவள் தண்ணீர் குடித்தாள். "உங்க ஜெர்மன் ரொம்ப நன்னாருக்கு," என்றாள். "போதும். நீங்க போலாம்." கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'அது', இப்போது 'நீங்க'. நடுவில் 'நீ' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, வகுப்பில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற வார்த்தை. ஒரு வருஷத்தில் அது மட்டும் எனக்கு அவளிடமிருந்து வரவே இல்லை.

மணி கேட்கவில்லை. குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. திரை இருட்டாகிவிட்டது.

முடிவு வந்தபோது வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். விக்ரோலிக்குப் போன பெயர்களில் என் பெயர்தான் முதலில். வேலையும் கிடைத்தது. மாமா வந்து, "அப்ப கடைக்கு வேற ஆள் பாக்கணும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். அந்தத் தேர்வை நான் நேராகவே ஜெயித்திருப்பேன். அந்த அம்மாள் பயந்துபோய் மதிப்பெண்ணை அள்ளிக் கொட்டி, அதை எனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

அன்று தேர்வு முடிந்து நான் ஏணியிலிருந்து இறங்கியபோது அம்மா துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிட்டா? பாஸா?"

"பாஸ் போட்டிருவாம்மா."

"தக்காளி கேட்டாளா?"

"கேக்கல."

அம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு வாரமா படிச்சமே," என்றாள். பிறகு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.