இருபத்து மூன்றாம் வரிசை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு ரொட்டி. ஏழரைக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியைத் திறந்தேன். மருந்துக்கு வந்த பதினொரு பேரையும் பார்த்து அனுப்பிவிட்டு, பத்து மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன்.

கொழுந்து பறிக்கும் நாற்பது பெண்களுக்கு ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மாதம் ஒருமுறை விரலில் குத்தி ஹீமோகுளோபின் அளந்திருந்தேன். மாத்திரை மட்டும் போதுமா என்று அன்று மாலைக்குள் மேலிடத்துக்கு எழுத வேண்டும். போதும் என்றால் யாருக்கும் வேறு சிகிச்சை கிடையாது.

ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்த தரவு. எனக்குப் பழகிய மாறுபாட்டுப் பகுப்பாய்வையே முதலில் போட்டேன். ஹீமோகுளோபினின் சராசரிக் கோடு மேலே போனது. கடிதத்தில் பாதி எழுதிய பிறகுதான் கணக்கில் சேர்ந்த ஆட்களை எண்ணினேன். முப்பத்தொன்று. ஒரு மாத அளவு விடுபட்டாலும் அந்த முறை ஆளையே முழுதாகத் தள்ளிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோட்டைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன்.

கலப்பு மாதிரி என்ற கணக்கு முறைக்கு மாறினேன். அது இருக்கிற அளவுகளைக் கொண்டே ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு போடும். நாற்பது பேரும் கணக்குக்குள் திரும்பி வந்தார்கள். மொத்தக் கோடு படுத்துவிட்டது. இருபத்து மூன்றாம் வரிசையில் 9.4, 8.8, 8.1, பிறகு மூன்று வெற்றிடங்கள்.

இந்த மாதிரிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வராததன் காரணம், நாம் அளக்காமல் விட்ட அளவிலேயே ஒளிந்திருக்கக் கூடாது; அதாவது, அந்த மாதம் இரத்தம் குறைந்துபோனதாலேயே வராமல் இருந்திருக்கக் கூடாது. அதைக் கணினி சொல்லாது. மாலை நான்கு மணிக்குக் கருவியை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன்.

"என்னங்கய்யா, குத்த ஆள் கெடைக்காம மலைக்கே வந்துட்டீங்க?" என்றாள் வரிசையில் முன்னால் நின்றவள். இருபத்து மூன்றாம் எண்காரி அவளுக்குப் பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு மாசமா ஏம்மா வரல?"

"ஒங்ககிட்ட வந்து நின்னா ரெண்டு கிலோ கொழுந்து போயிருங்கய்யா. முன்னெல்லாம் ஓடிப் பறிச்சிருவேன். இப்ப மேடு ஏறினா மூச்சு வாங்குது. நெறை கொறஞ்சா அரைப்பேருதான்."

ஒரு நாள் வேலையைப் பதிவதுதான் பேர்; அரை நாளாகப் பதிந்தால் அரைப்பேர், பாதிக் கூலி.

"செடியப் புடிச்சிக்கிட்டே தூங்குறா. நாங்கதான் தட்டி எழுப்புறோம். ஒங்ககிட்ட வராத மத்தவளுகளும் இப்படித்தான்," என்றாள் முன்னால் நின்றவள்.

ஆக, இரத்தம் குறைந்தவர்கள்தான் வராமல் இருந்தார்கள். படுத்திருந்த கோடுகூட உண்மையைவிட மேலே இருந்தது. அங்கேயே அவள் விரலில் குத்தினேன். 5.9; பன்னிரண்டாவது இருக்க வேண்டியது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இன்னும் நிறுக்கலையே. நாளைக்குப் பேரு போட்டுட்டுப் போறேங்கய்யா."

எவ்வளவு சொல்லியும் எழவில்லை. திரும்பி வந்து பாதிக் கடிதத்தைக் கிழித்தேன். மாத்திரை போதாது, விடுபட்ட ஒன்பது பேரின் நிலை இந்தக் கணக்கு காட்டுவதைவிட மோசம் என்று எழுதி ஆறு மணிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை டிஸ்பென்சரியைத் திறக்கவில்லை. முதலில், பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனேன். அவள் கூடையோடு நின்றாள். அவளுக்கு முழுப்பேர் போடும்படி, வேலையை மேற்பார்த்துப் பேர் பதியும் கண்டாக்கையாவிடம் கேட்டேன்.

"மலைக்குப் போகாத ஆளுக்கு எப்படிங்க?"

"என் பொறுப்புன்னு எழுதிக்கிங்க."

அவர் எழுதுவதை எட்டிப் பார்த்த பிறகே அவள் கூடையை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருந்த தோட்டத்து லொறியில் ஏறினாள். விடுபட்ட மற்ற எட்டு எண்களின் பெயர்களையும் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர்களுக்கும் முழுப்பேர் போடச் சொல்லி, ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன்.