அழுதுகொண்டே இறங்கிய வண்டி

ஸலாம் கூறி, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அது 1955-ஆம் வருடம், தை பதினாறு, சனிக்கிழமை. ஜமாதுல் ஆகிர் பிறை ஐந்து என்று குறித்திருக்கிறேன். பிறை பார்த்த கணக்கில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அன்று கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பாதையில், பிரேக் பிடிக்காத ஒரு காரில் நான் இருந்தேன். பின் சீட்டில் என் மனைவி சுலைகா இருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேருமே அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். அழவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை சுலைகா கருவுற்றபோது நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல இருந்தோம்.

இந்த நிலையில் அவளை மலைக்கு அழைத்துப் போனது ஏன் என்று கேட்பீர்கள். என் மாமியார் கொடைக்கானலில் கடை வைத்திருந்த மூத்த மகனோடு இருந்தார். நெஞ்சுச் சளி முற்றி, மகளைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். பெற்றவள் கேட்கும்போது என்ன செய்வது? சுலைகாவின் இளைய அண்ணன் காதர் அன்னவாசலில் சொந்தமாகப் பிளஷர் கார் வைத்து வாடகைக்கு ஓட்டிவந்தார். அதிலேயே போனோம்.

காதரின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-இல் அவர் அந்தக் காரை வாங்கினார். அதற்கு முன்பு பலருக்கு டிரைவராக இருந்தார். யுத்தத்தில் பெட்ரோலுக்குச் சீட்டுக் கொடுத்த காலத்தில், மிச்சம் பிடித்துப் பழகிய கை. எங்கள் பக்கம் மலை கிடையாது. இறக்கம் என்றால் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும் இறக்கம்தான். கரை உச்சிக்கு வந்ததும் காதர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடுவார். கார் சத்தமே இல்லாமல் கீழே வழுக்கி, அடுத்த ஊர் எல்லைவரை போகும். ஏறியிருப்பவர்கள் அதை ரசிப்பார்கள். "காதர் வண்டியில போனா கட்டில்ல படுத்த மாதிரி" என்பார்கள். இறக்கத்தில் இன்ஜினை இரைய விடும் டிரைவரை எங்கள் ஊரில் தேர்ச்சி இல்லாதவன் என்றுதான் நினைத்தார்கள். பத்து மைல் சுற்றளவில் எல்லா டிரைவர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். தட்டையான பூமியில் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மலை ஏறும்போது இரண்டாம் கியரில் கார் ஓலமிட்டது. காதரால் தாங்க முடியவில்லை. "அழுகுது பாருங்க மாப்ளே, பாவமா இருக்கு" என்று ஸ்டீரிங்கைத் தடவிக்கொடுத்தார். வழியில் நிறுத்தி நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மகளைப் பார்த்ததும் மாமியார் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சனிக்கிழமை நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் புறப்பட்டோம்.

எனக்கு ஜவுளிக்கடை தொழில். ஆனால் கையில் கிடைத்ததைப் படிப்பது என் பழக்கம். புதுக்கோட்டை வாசகசாலை ஒன்றில் மோட்டார் வண்டி பற்றிய புத்தகத்தையும் படித்திருந்தேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, கீழ்க் கியரில் போட்டால் இன்ஜினே சக்கரங்களைப் பிடித்து வைக்கும் என்று அதில் இருந்தது. அதை அப்படியே காதரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மாப்ளே, நீங்க புத்தகத்துல ஓட்டுங்க, நான் ரோட்டுல ஓட்டுறேன். ஏறும்போதுதான் அழுதுச்சு. இறங்கும்போதாச்சும் நிம்மதியா வரட்டுமே."

சுலைகாவும் சிரித்தாள். முதல் வளைவு தாண்டியதும் சாவி திரும்பியது. கார் ஊமையானது.

உண்மையைச் சொன்னால் அது சுகமாகவே இருந்தது. காற்றின் சத்தம், டயரின் சத்தம், அவ்வளவுதான். சுலைகா கண்ணயர்ந்துவிட்டாள். வளைவுக்கு வளைவு காதர் பிரேக்கை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ கருகும் வாசனை வந்தது. முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்றார் காதர். முன்னால் லாரி எதுவும் இல்லை.

பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து, தங்கைக்குக் கேட்காதபடி சொன்னார்: "மாப்ளே, கால் உள்ள போகுது."

பெடல் தரைவரை போனது. கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தார். அது தளர்ந்து மேலே வந்தது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் மர உச்சிகள். இரண்டாம் கியருக்குத் தள்ளிப் பார்த்தார். கியரின் பல்லோடு பல் மோதி அவர் கையை உதறித் தள்ளியது. கார் ஒரு வளைவில் பாதை முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. எதிரில் எதுவும் வராததால் பிழைத்தோம்.

அப்போது நான் துஆ கேட்டேன். சிறு வயது முதல் ஓதியவை எதுவும் நாவில் வரவில்லை. "யா அல்லாஹ், பிரேக் பிடிக்கட்டும்" என்பது மட்டும் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிரேக் பிடிக்கவில்லை. நான் படித்த புத்தகம் அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அறிந்திருந்தும் எனக்கு நினைவில் இல்லை. மூன்றாவது பிள்ளையும் போகிறது, இந்த முறை தாயோடு போகிறது என்பது ஒன்றே மனத்தில் இருந்தது.

பின்னாலிருந்து சுலைகாவின் குரல் கேட்டது. அவள் விழித்துவிட்டிருந்தாள். வயிற்றை இரு கைகளாலும் பிடித்தபடி, பதறாமல் பேசினாள்.

"அண்ணே, வண்டி ஏன் சத்தமே காட்ட மாட்டேங்குது? அழ விடுங்கண்ணே. அழுதாத்தான் உசுரு இருக்கு."

காதர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினார். கிளச்சை மிதித்து, இந்த முறை இரண்டாம் கியருக்குப் போகாமல், மேல் கியருக்குத் தள்ளினார். அந்த வேகத்துக்கு அதுதான் விழும். விழுந்தது. கிளச்சை விட்டதும் கார் குலுங்கியது, இன்ஜின் உயிர் பெற்று இரைந்தது. வேகம் சற்றே தளர்ந்தது. அதற்கு அடுத்த கீழ்க் கியர். இரைச்சல் கூடியது. மறு வளைவுக்கு முன் இரண்டாம் கியர் விழுந்தபோது கார் போட்ட ஓலம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. என் ஆயுளில் அவ்வளவு இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. நடந்து வருகிற ஆள் எட்டிப் பிடிக்கும் வேகத்துக்கு வந்ததும், காதர் பாறை ஓரத்து மண்மேட்டில் மெல்லச் சாய்த்து நிறுத்தினார்.

சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அவற்றிலிருந்து புகை வந்தது. பாறையில் கசிந்த தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, மூவரும் ஓரத்திலேயே பிற்பகல் அஸர் தொழுதோம். தொழுகை முடிந்ததும் காதர் புகையும் சக்கரத்தின் அருகே போய்க் குந்தினார். பிறகு கேட்டார்:

"அந்தப் புத்தகத்துல வேற என்ன போட்டிருக்கு மாப்ளே?"

"ஏறின கியர்லயே இறங்கணும்னு போட்டிருக்கு மச்சான்."

"அது இப்பத் தெரியுது. வேற ஏதாச்சும் இருந்தா வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லிருங்க."

சுலைகாதான் முதலில் சிரித்தாள். சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, மீதி மலையை இரண்டாம் கியரில், ஓலமிட்டபடியே இறங்கினோம். பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டார். அது மறுபடி பிடித்தது.

இது இயந்திரத்தின் இயல்புதானே என்று சிலர் சொல்வார்கள். ஆம், இயல்புதான். அதை நான் படித்திருந்தேன். படித்த எனக்கு அது வாயில் வரவில்லை. கியர் என்றால் என்னவென்று அறியாத, இரண்டு முறை அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்து ஏமாந்த ஒரு பெண்ணின் வாயில் அது வந்தது. நான் பிரேக்கைக் கேட்டேன். அல்லாஹ் கியரைக் கொடுத்தான். இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டு மாதம் கழித்து, ஷஃபான் மாதத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். தெருவில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த காதர், துணியைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, "அழுகுதா?" என்று மட்டும் கேட்டார். அழுதாள். அண்டை வீட்டார் வந்து பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

காதர் அதற்குப் பிறகு இன்ஜினை நிறுத்தி ஓட்டவில்லை. அன்னவாசல் கண்மாய்க் கரையில்கூடக் கியரிலேயே இறங்குகிறார். மற்ற டிரைவர்கள், "காதர் வண்டி ஒப்பாரி வச்சுக்கிட்டு வருது" என்று கேலி செய்வார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

என்னிடமும் ஒரு மாற்றம் உண்டு. முன்பெல்லாம் பாதை சுகமாக இருக்கும்போது இறைவனை விட்டுவிட்டு, கால் உள்ளே போகும்போது மட்டும் கூப்பிடுவேன். இப்போது மேட்டிலேயே, இறக்கம் தொடங்கும் முன்பே கேட்கிறேன். சகோதர சகோதரிகளே, நீங்களும் அப்படிக் கேளுங்கள். கேட்டது கேட்டபடி வராமல் போனால், அருகில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். பதில் அங்கிருந்து வரலாம்.

என் மகளுக்கு இது எட்டாவது வயது. மாமன் காரில் ஏறினால், கரை உச்சிவரை வாய் ஓயாமல் பேசுவாள். இறக்கத்தில் அந்த இரைச்சல் தொடங்கியதும் தாய் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிடுவாள்.