காலால் பிறந்த வைத்தியன்

போன மாதம் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடை வாசலில், மழை நனைத்த டைல்ஸில் வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது இப்போது ஆற அமர எழுதும்போது வருகிற வார்த்தை. அப்போது என் வாயிலிருந்து புறப்பட்ட சத்தத்தில், எதிரே கம்பம் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் பஸ்தான் யார் மேலோ ஏறிவிட்டது என்று ஓடி வந்தார்கள். கணுக்கால் தூளாகிவிட்டது, இனி ஆயுசுக்கும் கட்டைதான் என்று நானே முடிவு செய்து, என்னைத் தூக்கிய நாலு பேரிடமும், "மெதுவா, மெதுவா, எலும்பு வெளிய வந்துரும்" என்று வழிநெடுக எச்சரித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கணுக்காலைச் சுற்றி ஒற்றை விரலால் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பு மேட்டின் பின்புறத்தைத் தனியாக அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து நாலு அடி நடக்கச் சொன்னார். நடந்தேன். நடக்க முடிந்ததில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

"சுளுக்குதான் அங்கிள். எக்ஸ்ரே வேண்டாம். ஐஸ் வச்சுட்டு, காலை உசரமா வச்சு ரெஸ்ட் எடுங்க."

எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும் என்று நான் மன்றாடியதையும், கடைசியில் அந்தப் பெண் சிரிப்பை அடக்க முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டதையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஏங்க, நீங்க கத்துன கத்துக்கு ஒரு சின்ன முறிவாவது இருந்திருக்கலாம், ஊருக்குள்ள தலை காட்ட முடியல" என்றாள். சாயங்காலம் கம்பத்திலிருந்து அக்கா போன் பண்ணினாள். விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஏல, நீதான் காலால பொறந்தவனாச்சே. ஒரு காலை எடுத்து இன்னொரு காலை மிதிச்சுவிட வேண்டியதுதான?"

சொல்லிவிட்டு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். இந்த நகைச்சுவை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரியக்கூடியது. உங்களுக்கும் புரிய வேண்டுமானால் நான் பிறந்த விதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைகளும் தலையை முன்னால் விட்டுப் பூமிக்கு வரும்போது நான் காலை முன்னால் விட்டு வந்தவன். பயந்த சுபாவம் அப்போதே இருந்திருக்கிறது. தண்ணீரின் ஆழம் பார்க்கிற மாதிரி முதலில் காலை விட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து ஜனங்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். லயம் என்றால், எஸ்டேட்காரர்கள் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற, ஒரே கூரைக்குக் கீழே தொடர்ந்து போகிற வீட்டு வரிசை. காலால் பிறந்தவன் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்பது அந்த வரிசை முழுவதற்கும் வேதவாக்கு. அவர்கள் இந்துக்கள், நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்கிற பேதமெல்லாம் இதில் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எனக்கு வைத்தியம் ஆரம்பமாகும். கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டவர், கவாத்துக் கத்தி வீசித் தோளை இழுத்துக்கொண்டவர், ராத்திரி கோணலாகப் படுத்துக் கழுத்துத் திரும்பாதவர் என்று வரிசையாக வந்து எங்கள் வாசலில் குப்புறப் படுப்பார்கள். நான் விளக்கெண்ணெய் தடவிய குதிகாலால் மிதித்து, மேலிருந்து கீழே உருவி, கடைசியில் செல்லமாக ஓர் உதை விடுவேன். கோயில் உபதேசியார்கூட ஒரு தடவை வந்தார். இது மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொண்டேதான் படுத்தார். எழுந்து போகும்போது நடை சரியாகியிருந்தது.

கூலியாக முறுக்கோ, பன்னோ கிடைக்கும். அதைவிடக் கர்வம்தான் அதிகம் கிடைத்தது. சாணியை மிதித்தால் சக்தி போய்விடும் என்று தெருவில் தாண்டித் தாண்டி நடந்தேன். எனக்கென்று ஒரு வைத்திய சாஸ்திரமும் உண்டாக்கி வைத்திருந்தேன். தசை இழுத்துக்கொண்டதா, மூட்டு விலகியதா, எலும்பா, நரம்பா என்கிற வித்தியாசமெல்லாம் அதில் கிடையாது, எல்லாம் சுளுக்கு. அளவு மட்டும்தான் வேறு. சத்தமாகக் கத்தினால் பெரிய சுளுக்கு, மெதுவாக முனகினால் சின்னச் சுளுக்கு, கத்தவே இல்லையென்றால் அடியே படவில்லை. இவ்வளவுதான் சாஸ்திரம்.

என்னிடம் ஒருநாளும் மிதி வாங்காதவள் அக்கா ஒருத்திதான். "போல, உன் காலைக் கழுவி எத்தனை நாளாச்சு" என்பாள். அப்போது அவள் தற்காலிகமாகக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த மாதக் கடைசியில் அப்பா ரிட்டயர் ஆகிறார். அம்மா இழுப்பு நோயால் வேலையை விட்டு வெகு நாளாகிவிட்டது. வீட்டில் ஒருவராவது நிரந்தர வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு நம்முடையது. இல்லாவிட்டால் காலி செய்துவிட வேண்டும். அப்பாவின் இடத்துக்கு அக்கா பெயர் போயிருந்தது. வியாழக்கிழமை பெரிய டாக்டர் வந்து உடம்பைப் பார்த்து, ஆள் வேலைக்குத் தகுதி என்று சொல்ல வேண்டும். 'பிட்னஸ்' என்பார்கள். அதில் தவறினால் காத்திருக்கிற வேறு வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும்.

இதெல்லாம் வீட்டில் தினமும் பேசப்பட்டது. என் காதிலும் விழுந்தது. நான் புரிந்துகொண்டது, அப்பா இனிமேல் தினமும் வீட்டில் இருப்பார், ஆகவே மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட முடியாது என்பதை மட்டும்தான். எங்கள் மாதா படமும் எங்கள் காலண்டரும் தொங்குகிற வீடு வேறு யாருடையதாகவோ ஆகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அந்தத் திங்கட்கிழமை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா நேரத்தோடே வந்துவிட்டாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் ஏறி வந்திருக்கிறாள். சாக்கோடு இறங்கும்போது மழைத்தண்ணீர் வாய்க்காலில் கால் மடங்கி விழுந்தாளாம். பெஞ்சில் உட்கார்ந்து பாவாடையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். கணுக்காலின் வெளிப்பக்கம் பன் மாதிரி உப்பி, கீழே நீலம் ஓடியிருந்தது.

அப்பா காலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "ஜீப் பிடிக்கட்டுமா?" என்றார்.

"சுளுக்குதாம்ப்பா. ஜீப்பு போனா லயம் பூரா கேக்கும். வியாழக்கெழமைக்குள்ள சரியாயிரும்."

அப்பா வெந்நீர் வைக்கப் போனார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏல டாக்டரு, வா. இன்னைக்கு உனக்கு யோகம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையே வந்து காலடியில் படுத்த மாதிரி இருந்தது. காலைக் கழுவி, எண்ணெய் தடவி, சுவரோடு சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டு, அவள் பலகையில் நீட்டிய கால்மேல் என் குதிகாலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன்.

மளுக் என்றது.

அக்கா கத்தவில்லை. உதட்டுக்கு மேலே பொடிப்பொடியாக வேர்த்தது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போனது. "மாதாவே" என்று உள்ளுக்குள் சொன்னவள், கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போயிட்டுதுல. சரியாப் போச்சு" என்று எழுந்து நின்றாள். நின்றவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

என் சாஸ்திரப்படி கத்தாதவளுக்கு அடியே இல்லை. அப்படியானால் இந்த மளுக்? யோசிக்க நான் அங்கே நிற்கவில்லை. கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு ஓடிப்போய் ஈரச் சாக்குகளுக்குப் பின்னால் புகுந்துகொண்டேன். அக்காவின் காலை ஒடித்துவிட்டேன். போலீஸ் வரும். ஜெயிலுக்கு முழு ஆளாகப் போக வேண்டுமா, குற்றம் செய்த காலை மட்டும் கொடுத்தால் போதுமா என்கிற அளவுக்கு என் புத்தி வேலை செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் டவுசர் பையில் கையை விட்டேன். சிலேட்டுக் குச்சி இரண்டு துண்டாகக் கிடந்தது. சுவரோடு சாய்ந்து அழுத்தியதில் உடைந்திருக்கிறது. அந்த மளுக் இதுதான் என்று ஒரு புத்தியுள்ள பையனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கோ, ஒரே மிதியில் எலும்பும் குச்சியும் சேர்ந்து உடைந்திருக்கின்றன, என் காலின் சக்தி அப்படிப்பட்டது என்றுதான் தோன்றியது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். டிஸ்பென்சரி சிஸ்டரிடம் இருமலுக்கு மாத்திரை இருக்கிறது, பூச்சிக்கு மாத்திரை இருக்கிறது. எலும்பு ஒட்டுகிற மாத்திரையும் இருக்கும். விஷயம் வெளியே தெரிவதற்குள் வாங்கிவந்து கொடுத்துவிட்டால் போதும். ஓடினேன். அங்கே மருந்துக்காக அரை லயம் உட்கார்ந்திருந்தது. முன் பெஞ்சில், அக்கா வேலை செய்கிற மலையின் சூப்பர்வைசர் பிரஷர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றே மூச்சு வாங்கச் சொன்னேன்:

"சிஸ்டர், எங்க அக்கா காலை ஒடிச்சிட்டேன். மாத்திரை குடுங்க."

சூப்பர்வைசர் மெல்லத் திரும்பினார். "எந்த அக்காடா? வியாழக்கெழமை பிட்னஸுக்கு வர்ற புள்ளையா?"

"ஆமா சார். நல்லா ஒடிச்சிட்டேன் சார்."

என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக நான் வேறு எங்கேயும் பேசியதில்லை.

சிஸ்டர் மலையாளக்காரர், தமிழை மலையாளத்தில் குழைத்துப் பேசுவார். பையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். பின்னால் சூப்பர்வைசரும் வந்து வாசலோடு நின்றார். அவரைப் பார்த்ததும் அக்கா பெஞ்சைப் பிடித்து எழுந்துவிட்டாள்.

"சுளுக்குதான் சிஸ்டர். நடந்து காட்டட்டுமா?"

"நடக்கு, பார்க்கட்டும்."

அக்கா காலை ஊன்றினாள். ஊன்றிய கால் அவளைத் தாங்கவில்லை. சிஸ்டர் அவளைப் பிடித்து உட்காரவைத்து, வீங்கிய இடத்தின் முன்பக்கச் சதையை அழுத்தினார். அக்கா அசையவில்லை. எலும்பு மேட்டுக்குப் பின்னால் விரல் போனதும், பக்கத்தில் நின்ற என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். அப்போதும் அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

"மோளே, சுளுக்குன்னா சதையில வேதனை எடுக்கும். இது எல்லு மேல எடுக்குது, கால் ஊனவும் முடியல. எல்லு பொட்டிட்டுண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எல்லு என்றால் எலும்பு, பொட்டியது என்றால் உடைந்தது என்பது எனக்கே தெரியும். நான் குச்சித் துண்டுகளை நீட்டி, மிதித்ததையும் மளுக்கென்றதையும் ஒப்பித்தேன். சிஸ்டர் என் காலை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கோழிக்காலா? இதால மிதிச்சா மூட்டைப்பூச்சி சாகுமாடா? அவ விழுந்தப்பவே பொட்டியாச்சு" என்றார். குற்றத்திலிருந்து விடுதலை. ஆனால் ஊர் மெச்சிய காலைக் கோழிக்கால் என்றதில் எனக்கு ரோஷம் வந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் காலைப் பற்றிக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு, செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்.

எக்ஸ்ரேயில் எலும்பு விண்டிருந்தது. வியாழக்கிழமை அக்கா மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அப்பாவின் இடம் மேல் லயத்துப் பையன் ஒருவனுக்குப் போனது. பெரிய லீவு வருவதற்குள் மாதா படத்தையும் காலண்டரையும் கழற்றிக்கொண்டு குமுளிக்கு இறங்கிவிட்டோம். கால் நேராக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அக்கா என்னைவிட வேகமாக நடப்பாள். அன்றைக்கு நான் டிஸ்பென்சரிக்கு ஓடாமல் இருந்திருந்தால் என்று அவள் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஜீப்தான். அப்பா முன்னால் டிரைவரோடு. பின்னால் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, ஆடாமல் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. லயத்து ஜனமெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஜீப் வளைவில் திரும்பும்போது, பின்பக்கத் திறப்பு வழியாக எங்கள் வீட்டு வரிசை மொத்தமாகத் தெரிந்தது. அதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கத்தாத அக்கா அப்போதுதான் அழுதாள், சத்தமாக, மூக்கு ஒழுக.

என் சாஸ்திரம் மறுபடி உயிர்பெற்றது. "ரொம்ப வலிக்காக்கா, கால்?"

"கால் இல்லல" என்றாள், வெளியே பார்த்தபடியே.

நான் குழம்பிப்போனேன். விழுந்ததில் வேறு எங்கோ அடிபட்டிருக்கிறது, சிஸ்டர் கவனிக்காமல் விட்டுவிட்டார். இன்னொரு காலைத் தடவிப் பார்த்தேன். முட்டி இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். முழங்கை, மணிக்கட்டு, தோள் என்று சிஸ்டர் செய்த மாதிரியே ஒற்றை விரலால் ஒவ்வோர் இடமாக அழுத்தி, "இங்கயாக்கா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள். எங்குமே வீங்கியிருக்கவில்லை.